மீட்டர் இல்லாத தீர்ப்புகள்

"பாட்டைக் காதால்தானே கேட்கிறோம், மீட்டராலா கேட்கிறோம்?" ஹைஃபை விமர்சகரிடம் யாராவது கொஞ்சம் அழுத்திக் கேள்வி கேட்டால் இந்தப் பதில்தான் வந்து விழும். இப்போது அது அடிக்கடி விழுகிறது, ஏனென்றால் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட சிடி மறுபடி பேச்சில் அடிபடுகிறது. அமெரிக்காவில் 2004-க்குப் பிறகு முதன்முறையாக 2021-இல் சிடி விற்பனை ஏறியது. இங்கே தமிழ்நாட்டில், நியூயார்க்கின் ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் அந்தக் காலத்தில் வெளியிட்ட இளையராஜா சிடிகளைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சிடி வந்தால் பிளேயர் வேண்டும். பிளேயர் வந்தால் விமர்சனம் வேண்டும். விமர்சனம் என்ற பெயரில் வருவதைப் படித்தால், நடுத்தர விலையில் உள்ள எந்த இரண்டு பிளேயரும் இரண்டு வேறு பாடகர்களைப் போல ஒலிக்கும் என்று நம்பத் தோன்றும். ஒன்று "வார்ம்". இன்னொன்று "கொஞ்சம் டிரை". ஒன்றில் வோக்கல் முன்னால் வந்து நிற்கிறது, இன்னொன்றில் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கூத்தாநல்லூர் மாதிரி ஊருக்கு ஒலிக்கருவி ஆசை புதிது அல்ல. மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையில் உள்ள இந்த ஊரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்பார்கள். வெளிநாட்டுக்குச் சபர் போய்த் திரும்பியவர்களின் பெட்டியிலிருந்து இறங்கிய நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னில் நாகூர் ஹனிபாவைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அங்கே உண்டு. சிங்கப்பூர் கோல்மன் தெருவின் அடெல்ஃபி கட்டடத்தில் ஹைஃபை கடைகள் வரிசையாக இருப்பது ஆடியோ ஆர்வமுள்ள சபராளிகளுக்குத் தெரியாத சங்கதி அல்ல. அப்படி ஒரு வீட்டில் இன்று ஒருவர் மரான்ஸ் சிடி6007 பிளேயரை வாங்கலாமா என்று யோசித்தால், அவருக்குக் கிடைக்கும் வழிகாட்டல் என்ன தரத்தில் இருக்கிறது? மோசமான தரத்தில்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். சிடி பிளேயர்கள் எல்லாம் ஒன்றே என்று சொல்ல முடியாது. 1982-இல் வந்த சோனி சிடிபி-101 டிஜிட்டலை அனலாக்காக்கும் டிஏசி சிப் ஒன்றையே இரண்டு சேனலுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. பிலிப்ஸின் முதல் பிளேயரான சிடி100-இல் இருந்தது 14 பிட் சிப். அன்றைய வித்தியாசங்கள் உண்மையானவை. இன்றும் கீறல் விழுந்த சிடியை ஒரு பிளேயர் சமாளிக்கும், இன்னொன்று திக்கித் திணறும். 1980-களின் சில சிடிகளில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்றொரு ஏற்பாடு உண்டு. அதைச் சரிசெய்யாமல் வாசித்தால் பாட்டு கிறீச்சிடும். டிரே எவ்வளவு சத்தம் போடுகிறது, ரிமோட் கைக்கு வாகாக இருக்கிறதா, ஹெட்ஃபோன் ஆம்ப் எப்படி, லென்ஸ் போனால் மாற்ற உதிரி கிடைக்குமா என்பதையெல்லாம் விமர்சகர் சொன்னால் புண்ணியம். பலர் இதற்கெல்லாம் கடைசிப் பத்தியில் ஒரே வரி ஒதுக்குகிறார்கள்.

மீதிப் பக்கங்கள் முழுவதும் 'சவுண்ட்'. கோளாறும் அங்கேதான்.

சிடி பிளேயரின் பின்பக்க வெளியீடு உச்ச அளவில் 2 வோல்ட் என்பது வழக்கமான தரம். ஆனால் இது சட்டம் அல்ல. ஒரு பெட்டி 2.0 வோல்ட் தரும், இன்னொன்று 2.2 தரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 0.8 டெசிபல். விஷமம் இங்கே ஆரம்பிக்கிறது. சத்தம் மூன்று நான்கு டெசிபல் ஏறினால் யாருக்கும் 'சத்தம் கூடிவிட்டது' என்று தெரியும். ஒரு டெசிபலுக்கும் கீழே ஏறினால் அது சத்தமாகப் படாது, தரமாகப் படும். பேஸில் கொஞ்சம் சதைப்பிடிப்பு, குரலில் கொஞ்சம் நெருக்கம், தம்புராவின் ரீங்காரத்தில் கொஞ்சம் தெளிவு என்று காது அதை மொழிபெயர்த்துக்கொள்ளும். ஆம்ப்பின் வால்யூம் குமிழைத் தொடாமல் ஒரு பிளேயரைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக் கேட்ட விமர்சகர், "இரண்டாவதில் ஒரு திரை விலகியது போல இருந்தது" என்று எழுதுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது 0.2 வோல்ட்டை.

இதைத் தவிர்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். ஒரு சிடி-ஆரில் 100 ஹெர்ட்ஸ் டோனைப் பதிந்து, அதை ஓடவிட்டு, ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் படிக்க வேண்டும். மலிவு மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் கரண்டை அளக்கச் செய்யப்பட்டவை. ஆயிரம் ஹெர்ட்ஸில் தடுமாறலாம், 100-இல் தடுமாறாது. முதல் பிளேயரில் 2.00 வந்தால் இரண்டாவதில் 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் வருகிற மாதிரி வால்யூமைத் திருத்திக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். பிறகு ஒரே சிடியின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரிலும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். மச்சானோ மருமகனோ திரைக்குப் பின்னால் நின்று காசைச் சுண்டிப் பார்த்து ஆம்ப்பின் செலக்டரையும், குறித்துவைத்த அளவுக்கு வால்யூமையும் திருப்பட்டும். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் வந்திருக்க 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை இது. ஆண்டுக்கு ஐம்பது கருவிகளைப் புகழ்கிறவர் ஒரு தடவைகூட இதைச் செய்ததாக எழுதாதது சோம்பேறித்தனமா, பயமா என்று வாசகர் கேட்டால் தப்பில்லை.

கண்ணைத் திறந்துகொண்டு கேட்பது அடுத்த வினை. ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில் 40 பேர் நான்கு ஸ்பீக்கர்களை மறைத்தும் கேட்டார்கள், பார்த்தும் கேட்டார்கள். பார்த்துக் கேட்டபோது, திரைக்குப் பின்னால் நன்றாகவே மதிப்பெண் வாங்கியிருந்த ஒரு சின்ன, மலிவான செட் கீழே இறங்கியது. கேட்டவர்கள் ஏதோ தெருவில் போனவர்கள் அல்ல, ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் ஊழியர்கள். இத்தனைக்கும் ஸ்பீக்கர்களுக்கு இடையில் காதுக்கே தெரியும் பெரிய வித்தியாசங்கள் உண்டு. அங்கேயே கண் இப்படி விளையாடினால், மயிரிழை வித்தியாசம் உள்ள சிடி பிளேயரில் என்ன செய்யாது? சிடி6007-இல் இருப்பது ஜப்பானின் ஏகேஎம் நிறுவனத்து ஏகே4490 சிப். தன் சிப்களுக்கு 'வெல்வெட் சவுண்ட்' என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்வது அந்த நிறுவனமேதான். ஏகேஎம் சிப் உள்ள கருவி என்றால் "பட்டு மாதிரி வழவழப்பு" என்று எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் ஆராய வேண்டாம். 2020 அக்டோபரில் ஏகேஎம்மின் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. சிப் கிடைக்காமல் பல ஆடியோ நிறுவனங்கள் வேறு நிறுவனச் சிப்களுக்கு மாறின. அந்த மாற்றம், பெட்டிக்குள் இருப்பது எந்த சிப் என்று சொல்லாமல் விமர்சகர்களின் காதைச் சோதிக்கக் கிடைத்த அருமையான சந்தர்ப்பம்.

இதைவிட ஒரு படி கடுமையான சோதனையும் நடந்திருக்கிறது. மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் அதை எழுதினார்கள். உயர்தர டிஸ்க்கிலிருந்து வரும் ஒலியை வழியிலேயே ஒரு சிடி ரெக்கார்டருக்குள் நுழைத்து, 16 பிட்டாக இறக்கி, மறுபடி அனலாக்காக்கி வெளியே விட்டார்கள். நேராக வருவது எது, சிடி தரத்துக்குள் போய் வருவது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். 554 முயற்சியில் 276 சரி. அதாவது 49.8 சதவீதம், காசு சுண்டியதற்குச் சமம். பாட்டு இல்லாத இடத்தில் வால்யூமை ஏகத்துக்கு ஏற்றினால் மட்டும் லேசான இரைச்சல் வித்தியாசம் தெரிந்தது. அவர்கள் எடுத்த டிஸ்க்குகள் எல்லாம் உண்மையிலேயே உயர்தரமா என்று பிறகு சிலர் ஆட்சேபித்தார்கள். இருக்கட்டும். ஒரு ரெக்கார்டரின் சிப்கள் முழுவதையும் நடுவில் திணித்தே கேட்பவருக்குத் தெரியவில்லை என்றால், இரண்டு நல்ல பிளேயரின் சிப்களுக்கு இடையில் 'உணர்ச்சி' வித்தியாசம் கண்டவர் எதைக் கண்டார் என்ற கேள்வி மட்டும் அந்த ஆட்சேபத்தால் அடிபடவில்லை.

சோதனைக்கு எடுக்கும் சிடியாவது பொருத்தமாக இருக்கிறதா? நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைத்து ஒரு பிளேயரின் 'உச்ச ஸ்தாயி நுணுக்கத்தை' அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை 1956-இல் மறைந்தார். அவரது அந்த இசைத்தட்டுகள் 78 சுழற்சி காலத்தவை. நவீன பிளேயரின் உச்ச அதிர்வெண்களைச் சோதிக்கும் அளவுக்கு அந்தத் தட்டில் எதுவும் இல்லை. நாகூர் ஹனிபாவின் பழைய தட்டுகளும் மோனோ. இரண்டு சேனலிலும் ஒரே குரல்தான். அதைக் கேட்டுவிட்டு "மேடை அகலமாக விரிந்தது" என்றால், விரித்தது அறையின் சுவர்.

அந்தச் சுவரைப் பற்றி விமர்சனங்களில் ஒரு வார்த்தை இருக்காது. சபர் காசில் கட்டிய ஒரு வீட்டு ஹாலைக் கற்பனை செய்துகொள்ளலாம். பளபளவென்று மார்பிள் தரை, உயரமான கூரை, கண்ணாடி பதித்த ஷோகேஸ், பெயருக்கு ஒரு பாய். கை தட்டினால் ஓசை சுற்றி வரும். அங்கே எந்தப் பிளேயரை வைத்தாலும் டிரெபிள் குத்தும். கனத்த திரைச்சீலை இரண்டு, தரையில் ஒரு ஜமுக்காளம், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைப்பது, இவை செய்யும் மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எந்த டிஏசி சிப்பும் செய்யாது. ஆனால் ஜமுக்காளத்துக்கு விளம்பரம் தர யாரும் இல்லை.

காதின் அனுபவத்தை மீட்டர் கொன்றுவிடும் என்பவர்களுக்கு காவிரி டெல்டாவிலேயே பதில் இருக்கிறது. நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் சொல்லும் பெரியவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதமா அதற்கு மேலா என்று முடிவு செய்வது கருவிதான். தகராறு வந்தால் "என் பல்லுக்குத் தெரியும்" என்று யாரும் வாதாடுவதில்லை, மறுபடி அளக்கச் சொல்கிறார்கள். ஹைஃபை விமர்சகருக்கு மட்டும் அந்தச் சலுகை எதற்கு? வயது ஏற ஏற உச்ச அதிர்வெண்கள் காதுக்கு எட்டாமல் போவது எல்லோருக்கும் பொதுவான விதி. அறுபதைத் தாண்டிய விமர்சகர் ஒருவர் ஜால்ராவின் 'மினுக்கத்தை' வைத்து இரண்டு பிளேயரைப் பிரித்துக் காட்டும்போது, அவரை மரியாதையோடு ஒரு திரைக்குப் பின்னால் உட்காரச் சொல்வதில் தவறில்லை.

பிளேயர் வாங்கக் கிளம்புகிறவர் விமர்சனத்தில் மூன்று விவரங்களைத் தேடிப் பார்க்கட்டும்: வெளியீடு எத்தனை வோல்ட், ஒப்பிடும்போது சத்தம் சமன் செய்யப்பட்டதா, மறைத்துக் கேட்கப்பட்டதா. மூன்றும் இல்லையென்றால் சவுண்ட் பற்றிய பத்திகளைத் தாண்டிவிட்டு, டிரே, ரிமோட், உதிரி, வாரண்டி பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். கடைக்குப் போகும்போது வீட்டில் பலநாள் கேட்ட சிடியையும், அதன் இன்னொரு பிரதியையும், ஒரு மல்டிமீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். மீட்டரைப் பார்த்து முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் பிளேயர் வாங்காதீர்கள்.