முறை கேட்பவர்களும் கேட்கப்படாதவளும்

மாமன் மகள், அத்தை மகள், சில சாதிகளில் அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் முறைத் திருமணத்துக்காக வாதாடுபவர்களில் இரு தரப்பினர் முக்கியமானவர்கள். ஒரு தரப்பு மானிடவியல், மறு தரப்பு சினிமா. இருவருமே சாட்சிக்கு அழைத்தது பெரும்பாலும் ஒரே சீமையைத்தான். உசிலம்பட்டியில் தொடங்கி ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டித் தேனி, கம்பம் வரைக்கும், வடக்கே மஞ்சளாற்றங்கரையில் தேவதானப்பட்டி வரைக்கும் விரியும் மலையடிவாரம் அது.

மானிடவியலின் வாதம் பழையது. 1871இல் லூயிஸ் ஹென்றி மார்கன் உலக உறவுமுறைப் பட்டியல்களைத் தொகுத்தபோது, தமிழரின் ஏற்பாடு அமெரிக்காவின் செனெக்கா பழங்குடியினருடையதை ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். இந்தச் சீமையின் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி டூமோன், 1953இலும் 1957இலும் வெளியிட்ட எழுத்துகளில் அதற்கு ஒரு கோட்பாட்டைத் தந்தார். இங்கே திருமணம் இரண்டு தனி மனிதர்களைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. மாமன், மச்சான் என்ற கொள்வினை கொடுப்பினை உறவு சொத்தைப் போலத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது என்பது அதன் சாரம். தாயின் சகோதரனும் மாமனாரும் ஒரே ‘மாமா’ ஆவது அதனால்தான். டூமோனின் கோட்பாடு ஒரு சாதிக்குள் அடங்குவதும் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டில் கன்னடம் பேசும் கப்பிலியரிடமும், தெலுங்கு பேசும் கம்பளத்தாரிடமும் சிற்சில மாற்றங்களுடன் இதே கணக்கைக் காணலாம்.

மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதற்கு இன்னொரு பலம் சேர்த்தனர். வட இந்தியப் பெண் முன்பின் அறியாத ஊருக்கு வாழப்போகிறாள், தெற்கத்திப் பெண் தெரிந்த வீட்டுக்குப் போகிறாள், தெற்கில் பெண்ணின் நிலை மேம்பட்டிருக்க இது ஒரு காரணம் என்று டைசனும் மூரும் 1983இல் வாதிட்டனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தேவதானப்பட்டிப் பெண்ணை ஜெயமங்கலத்து அத்தை வீட்டிலோ கெங்குவார்பட்டி மாமன் வீட்டிலோ கட்டிக்கொடுத்தால், பிறந்த வீடு ஒரு பஸ் தூரம். மாமியார் அவளைத் தூக்கி வளர்த்தவர். நிலம் சிதறாது. காதுகுத்துக்கு மடி கொடுத்து, சடங்குக்குக் குச்சு கட்டி, தட்டுத் தட்டாகச் சீர் சுமந்து வந்த தாய்மாமனோடு உறவும் அறாது.

எதிர்ப்பாளர்கள் வழக்கமாக மரபணுவைக் கையில் எடுக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பெண்கள் சொந்தத்தில் மணந்தவர்கள்; இந்திய அளவில் அது 11 மட்டுமே. மாமன் மகளைக் கட்டினால் குழந்தையின் இரு மரபணுப் பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு 16இல் 1. அக்காள் மகளைக் கட்டினால் 8இல் 1. பிறவிக் குறைபாட்டின் ஆபத்து கூடுவது மெய்தான். ஆனால் இந்த எதிர்ப்பு பிறக்கப்போகும் பிள்ளையின் உடம்பைப் பற்றியது. நாளை ஒரு பரிசோதனை ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டால், மருத்துவரின் ஆட்சேபம் அத்தோடு முடிந்துவிடும்.

முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. முறை என்பது ஒரு பாத்தியதை. அதைக் கோருபவர் யார், யார் மீது கோருகிறார் என்று பார்த்தால் பெண் எங்கே நிற்கிறாள் என்பது விளங்கும். முறைப்பையனுக்கு நகரத்தில் வேலை கிடைத்து, வெளியில் நகையும் பணமுமாகப் பெண் அமைந்தால், முறைப்பெண் வீட்டார் மனத்தாங்கலோடு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவளுக்கு வெளியில் சம்பந்தம் பேசினால் நடப்பது வேறு: முறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும், கேட்காவிட்டால் அவமதிப்பு, சீர் நின்றுபோகும், செய்முறை நோட்டில் பகை ஏறும். இரண்டு வீடுகளுக்கு இடையிலான கடன் இது. பெண் அதில் கடன்காரியும் அல்ல, கடன் கொடுத்தவளும் அல்ல, திருப்பிச் செலுத்தப்படும் பொருள். டூமோனின் புகழ்பெற்ற கோட்பாடும் மச்சான்கள் இருவரின் கண்வழியே எழுதப்பட்டதுதான். உரிமைக் கோரிக்கை சச்சரவுக்கும் கசப்புக்கும் இடமாவதை மதுரை வட்டாரத்தில் ஆய்ந்து இசபெல் கிளார்க்-தெசே 2014இல் எழுதும் வரை, இந்தப் பக்கம் கோட்பாட்டாளர்கள் அதிகம் திரும்பவில்லை.

பாதுகாப்பு என்று சொல்லப்படுவதையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அசலில் வாக்கப்பட்டவள் அடிபட்டால் அப்பன் வீட்டுக்குத் திரும்பலாம்; அவளுக்காகச் சண்டைக்கு வர அங்கே ஆள் இருக்கும். அத்தை மகனைக் கட்டியவள் யாரிடம் போவாள்? அடித்தவன் அப்பனின் உடன்பிறந்தவள் பெற்ற மகன். அவள் வாய் திறந்தால் அண்ணன் தங்கை உறவு அறுந்துபோகும். அவளுக்காகப் பேச வேண்டிய தாய்மாமனே மாமனாராகவும், அக்காள் மகளைக் கட்டும் சாதிகளில் புருஷனாகவுமே இருக்கக்கூடும். யாருடைய மடியில் இருத்திக் காது குத்தினார்களோ அவரையே புருஷனாக ஏற்கும்போது அவள் சம்மதம் என்ன பொருள்படும்? “வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்குவோம்” என்ற பஞ்சாயத்தில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே தாத்தா. சொந்தத்தில் கட்டியவர்கள் பிரிவதில்லை என்று பெருமை பேசுபவர்கள், பிரிந்து போக வழி இருந்ததா என்று விசாரிப்பதில்லை.

தெரிந்த வீடு பெண்ணைக் காக்கும் என்ற வாதத்தை இந்தச் சீமையே சோதித்துப் பார்த்தது. கள்ளரைப் பற்றிய டூமோனின் பெருநூல் ஆங்கிலத்தில் வந்த 1986ஆம் ஆண்டில்தான், உசிலம்பட்டியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அந்தப் பழியைப் பத்திரிகைகள் ஒரே சாதியின் தலையில் சுமத்தியது அநியாயம்; சேலத்திலும் தருமபுரியிலும் பல சாதிகளில் அது நடந்தது. ஆயினும் முறை உறுதியாக நிலவிய ஊர்களிலேயே பெண் பிள்ளை சுமையானாள். கட்டிக்கொள்ள மாமன் மகன் காத்திருக்கும் ஊரில் அவள் ஏன் சுமை? வரதட்சணை முறைக்குள்ளும் நுழைந்துவிட்டது, சீர் செய்து மாளவில்லை என்பது பதில். அப்படியானால் முறை எதையும் தடுக்கவில்லை.

அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா, தாய்மாமன் சீரைக் கொண்டாடிய ‘கிழக்குச் சீமையிலே’யை 1993இலும், பெண் சிசுக்கொலையைப் பேசிய ‘கருத்தம்மா’வை 1994இலும் எடுத்தார். இரண்டாவது படம் தேசிய விருதும் பெற்றது. சீர் சுமந்த தட்டின் செலவும் கள்ளிப்பாலும் ஒரே குடும்பக் கணக்கின் இரு பக்கங்கள் என்று படங்களைச் சேர்த்து வைத்துப் படித்த விமரிசனம் அரிது. பார்வையாளர்கள் முதல் படத்தின் பாடல்களைக் காதுகுத்து வீட்டு ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோனார்கள்.

நிலம் சிதறாது என்ற வாதமும் இப்போது வேறு உருவம் எடுத்திருக்கிறது. 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதிலும் சட்டம் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. பங்குள்ள மகளைச் சொந்தத்துக்குள் கட்டிவைப்பது, அந்தப் பங்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகவும் உதவுகிறது.

சட்டம் இதில் ஒதுங்கியே நிற்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மாமன் மகள், அக்காள் மகள் மணங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டு, வழக்காறு இருந்தால் செல்லும் என்று அதே மூச்சில் விலக்கும் தருகிறது. வற்புறுத்திப் பெற்ற சம்மதத்தைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய 12ஆம் பிரிவில் இடமுண்டு. வற்புறுத்தல் ஓய்ந்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். முறைப்பெண்ணைப் பொறுத்தவரை அந்த மனுவில் எதிர்மனுதாரராக அவள் எழுத வேண்டிய பெயர் அத்தை மகனுடையது; வற்புறுத்தியவர்களாகக் காட்ட வேண்டிய பெயர்கள் அப்பாவும் அத்தையும்.