சந்தையில் களைத்த கண்ணுக்கு

கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையை நோக்கிப் போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம், அதையும் தாண்டி ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 2008இல் தில்லியில் தொடங்கிய இந்தியக் கலைச் சந்தை போன்ற இடங்களைச் சுற்றிவந்தவர்கள் அவசியம் சோழமண்டலத்துக்கு வர வேண்டும்.

சந்தையில் ஒரு படம் அடுத்த படத்தை முட்டித் தள்ளுகிறது. தங்கத்தாள் மினுங்கும் பிள்ளையார், சோபாவின் நிறத்துக்கு இசைந்த புத்தர்: இவை பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்கவே வேண்டாம். படத்தைவிட நீளமான விளக்கக் குறிப்பு அதைவிட மோசம்.

சோழமண்டலத்தை 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கினார். ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுப் பிழைத்தார்கள். ஓவியத்தை வாங்குபவரின் ருசிக்கு வளைக்கவில்லை. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்களும் எழுத்து மாதிரியான கோடுகளும் நெருக்கியடித்து நிற்கும். வாசிக்கப் பார்த்தால் பிடிபடாது; வெறுமனே பார்த்தால் கண் நகராது.

அவர் மகன் எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களை ஒரு முழ தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். செம்புத் தகட்டை அடித்து, வளைத்து, பற்றவைத்திருக்கிறார். உருவம் கருவறை மூர்த்திபோல நேரே நம்மைப் பார்க்கும். பற்றவைத்த தடங்களே அதற்கு நகை.

வெளியே பூங்காவில் கருங்கல் சிற்பங்கள். அவற்றை முழுக்கச் சுற்றிவரலாம்; சந்தைக் கடையில் பின்பக்கம் பெரும்பாலும் சுவர்தான்.