யார் வாயால் வந்தது?

திருவையாற்றில் தியாகராஜ சுவாமி சந்நிதியைப் பார்த்தபடி ஒரு அம்மாள் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பெங்களூர் நாகரத்தினம்மாள். தம் சொந்தப் பொருளைப் போட்டு அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர். ஒரு புஸ்தகத்துக்காக அவர் சர்க்காரோடு மல்லுக்கு நின்ற கதை சங்கீத ரசிகர்களில் பலருக்குத் தெரியாது.

புஸ்தகம் 'ராதிகா ஸாந்த்வனமு'. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–63) சபையை அலங்கரித்த முத்துப்பழனி தெலுங்கில் செய்த காவியம். ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்குக் கட்டிக் கொடுக்கிறாள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அவளே புத்தி சொல்கிறாள். அப்புறம் புழுங்கிச் சாகிறாள். கொடுத்த கையே பதறுகிற அந்த வேதனைதான் காவியத்தின் உயிர். வர்ணனைகள் சில இடங்களில் அலுக்கத்தான் செய்கின்றன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குத் தெலுங்கு கேள்வி ஞானம்தான். நண்பர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். ஒரு கட்டத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நானும், வெட்கத்தோடு சொல்கிறேன், ரேழிப் பக்கம் பார்த்தேன். "உரக்கத்தான் படியுங்களேன். பாடினவள் பொம்மனாட்டிதானே!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

பாடினவள் பொம்மனாட்டி என்பதுதான் வழக்கே. 1910ல் நாகரத்தினம்மாள் முழு நூலையும் பதிப்பித்தார். விதவா விவாகத்துக்காகப் போராடிய பெரியவர் வீரேசலிங்கம் பந்துலு, முத்துப்பழனியை வேசை என்றார். பெண்கள் காதால் கேட்கத் தகாததைப் பெண்ணே பாடலாமா என்றார். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா, தாங்கள் பதிப்பித்த சிருங்கார நூலில் இதைவிட அதிகம் இல்லையா என்று அம்மாள் திருப்பிக் கேட்டார். 1911ல் சர்க்கார் 'அப்ஸீன்' என்று முத்திரை குத்திப் புஸ்தகத்தைத் தடுத்தது. 1860ஆம் வருஷத்துப் பீனல் கோடில் அந்த வார்த்தை இருந்தது, அர்த்தம் இல்லை. படிப்பவர் மனம் கெடுமா என்று பார் என 1868ல் லண்டன் நீதிபதி ஒருவர் அளவுகோல் கொடுத்தார். இங்கேயோ அளந்தது எழுதியவளை. க்ஷேத்ரக்ஞர் பெண்ணாகத் தம்மைப் பாவித்துப் பாடினால் நாயகி பாவம். பெண் பெண்ணாகவே பாடினால் அப்ஸீன்!

இங்கிலீஷை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பேர் பேராகச் சொல்லி, ஆளுக்கு வீடும் வருஷம் 100 கலம் நெல்லும் என்று பெரிய கோயிலில் கல்லில் வெட்டி வைத்தான். தேவரடியார் என்பது மரியாதைப் பெயராக இருந்தது. அது தேய்ந்து இன்று தெருச் சண்டையில் வசவாகக் கிடக்கிறது. அதைத் தேய்த்தது நம் நாக்குத்தான்.

1947ல் தடை நீங்கியது. 1952ல் மறுபதிப்பு வந்தது. நாகரத்தினம்மாள் காலமானதும் அந்த வருஷம்தான்.