கிரகணம்: கணிதமும் கருமமும்

கிரகணம் நிகழும் நாளையும் நாழிகையையும் முன்கூட்டியே கணித்துவிட முடியுமானால், அது மனிதரின் ஒழுக்கத்தைக் குறித்த எச்சரிக்கையாக எவ்வாறு அமையும் என்ற கேள்வியை யூத சமய மரபு நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. புதுச்சேரிப் பஞ்சாங்க மரபிலோ அக்கணிப்பே சமயக் கடமையின் முதற்படியாக நின்றது.

யூதரின் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தால்முதின் சுக்கா என்னும் பகுதி, சூரிய கிரகணம் உலகம் முழுமைக்கும் தீக்குறி என்ற கருத்தை, விருந்தளித்த அரசன் சினந்து விளக்கை அகற்றச் சொன்ன உவமையால் விளக்குகிறது. யூதர் திங்களைக் கொண்டு காலம் கணிப்பதால் சந்திர கிரகணம் அவர்களுக்கும், சூரிய கிரகணம் பிற இனத்தாருக்கும் உரியது என்பது மற்றொரு கருத்து. ஆயினும் இறைவன் விருப்பப்படி நடப்போர் வானக் குறிகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று, எரேமியா தீர்க்கதரிசியைச் சான்று காட்டி அப்பகுதியே தெளிவுறுத்துகிறது. பிராகு நகரின் மகரால் எனப்பட்ட ரப்பி யூதா லோவ், 16ஆம் நூற்றாண்டில், கிரகணம் இயற்கை ஒழுங்கின்படி நிகழ்வதை ஏற்றுக்கொண்டு, மனிதரிடம் பாவம் இல்லாதிருந்தால் அவ்வொழுங்கே வேறாக அமைந்திருக்கும் என்று இரண்டையும் இணைத்தார். இடி, மின்னல், நிலநடுக்கம் ஆகியவற்றுக்கு வாழ்த்துரை வகுத்த, தால்முதுக்கு அடிப்படையான மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, கிரகணத்துக்கு எதையும் வகுக்கவில்லை.

வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை அளக்க 1768இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜாந்தீய், தமிழர் கணிப்பு முறையை இங்கே பயின்றார். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் சந்திர கிரகணத்தின் கால அளவு அம்முறையில் 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவில் மதிப்புப் பெற்றிருந்த மேயரின் அட்டவணைப்படி 68 விநாடி கூடுதலாகவும் வந்ததை அவர் பதிவு செய்தார். சென்னை வான் ஆய்வகப் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், 1825இல் வெளிவந்த ‘காலசங்கலித’ நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை நகர்த்தி, எழுத்துகளில் எண்களை ஒளித்த மனப்பாட வாக்கியங்களின் துணையால், அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை விவரித்தார். அக்கணிப்பில் தொடக்கத்துக்குச் சுமார் 4 நிமிடமும், முடிவுக்கு 52 நிமிடமும் பிழை இருந்தது.

இப்பிழை வானியலோடு நின்றுவிடுவதன்று. நிழல் தொடும் ஸ்பரிச காலத்தில் ஸ்நானம், கிரகண நேரத்தில் ஜபமும் தர்ப்பணமும் தானமும், விடுபடும் மோட்ச காலத்தில் மீண்டும் ஸ்நானம் என்று கருமங்கள் முறைப்படுத்தப்பட்டுள்ளதால், வேளை தவறினால் கருமமும் தவறும். எனவே பழைய சூத்திரங்களைப் பின்பற்றும் வாக்கியம், கண்ணால் காணும் நிலையோடு ஒத்துப்போகத் திருத்தப்பட்ட திருக்கணிதம் என்னும் இரு பிரிவினரிடையே திதி, நட்சத்திரம் குறித்த வேறுபாடு நீடித்தாலும், கிரகண வேளைக்கு மட்டும் வாக்கியத்தார் பலரும் திருக்கணிதத்தையே ஏற்கின்றனர். உள்ளூரில் தென்படாத கிரகணத்துக்கு அனுஷ்டானம் இல்லை என்பது பொதுவிதி. ஆலயங்கள் பல நடை சாத்த, காளத்தியில் வழிபாடு தொடர்வது அறிந்த விலக்கு.

அச்சமும் இம்மரபில் இல்லாமலில்லை. தம் ஜன்ம நட்சத்திரத்தில் கிரகணம் நிகழ்ந்தால் நெற்றியில் பட்டம் கட்டிச் சாந்தி செய்துகொள்வோர் உண்டு. தால்முதில் குறி ஓர் இனத்தைச் சுட்ட, இங்கே அது தனிமனிதரின் நட்சத்திரத்தைச் சுட்டுகிறது. அங்கே பரிகாரம் இறைவழி நிற்றலாகவும், இங்கே உரிய வேளையில் செய்யும் கருமமாகவும் அமைவதால், கணிதத்தின் துல்லியம் யூத உரையாசிரியருக்கு விளக்கம் தேடவேண்டிய சிக்கலாகவும், பஞ்சாங்கக்காரருக்குக் கடமையாகவும் ஆயிற்று.