14 முதல் 19 வரை

ஆர்டுயினோ மெகா 2560 பலகையை, யூஎஸ்பி வாய் இடப்பக்கம் வரும்படி மேசையில் வையுங்கள். மேல் விளிம்பின் வலக்கோடியில் 14 தொடங்கி 19 வரை ஆறு துளைகள். டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என மாறி மாறி வெள்ளை எழுத்து. மூன்று சீரியல் போர்ட்டுகள். இந்த ஆறு துளைகளுக்காகவே இந்தப் பலகை எனக்குப் பிடிக்கும்.

ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வைக்கப் பெட்டி ஒன்று செய்கிறோம் என்று கொள்வோம். இடம் சொல்ல ஜிபிஎஸ், தகவல் அனுப்ப சிம் மோடம், மண் ஈரம் அளக்க ஆர்எஸ்-485 சென்சார். மூன்றும் சீரியலில் பேசுபவை. ஆர்டுயினோ ஊனோ பலகையில் உண்மையான போர்ட் ஒன்றுதான். மற்றதை சாஃப்ட்வேர் சீரியலில் ஒப்பேற்றலாம். ஆனால் அது தோட்டத்துப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவது மாதிரி, ஒரு நேரத்தில் ஒருவர் குரலைத்தான் எடுத்துக்கொள்ளும். 9600 வேகத்தில் ஓர் எழுத்து வந்து சேர ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேலாகும். அதுவரை பிராசசர் அங்கேயே கட்டுண்டு நிற்கும்.

மெகாவில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனிச் சுற்று. கம்பியில் மின்னழுத்தம் இறங்கியதும் அது விழித்துக்கொள்கிறது. ஒரு பிட்டின் நேரத்தைச் சாதாரண முறையில் 16 கூறாகவும் இரட்டை வேக முறையில் 8 கூறாகவும் பிரித்து, நடுவிலுள்ள மூன்றை மட்டும் பார்க்கிறது. மூன்றில் இரண்டு சொல்வதே முடிவு. பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடி, ஒரு கூறில் இரைச்சல் குத்தினாலும் எழுத்து தப்பிவிடும். எவ்வளவு சின்ன இடத்தில் எவ்வளவு நிதானம்! எழுத்து முழுதாகச் சேர்ந்த பிறகுதான் பிராசசரைக் கூப்பிடுகிறது.

இதைவிட வளைந்துகொடுக்கும் சிப்பும் உண்டு. 1973இல் சீமென்ஸ் மலாக்காவில் தொடங்கிய சிப் தொழிற்சாலை இன்று பத்து பெரெண்டாமில் இன்ஃபினியான். அந்த நிறுவனத்தின் எக்ஸ்எம்சி 4500 சிப்பில் ஆறு சீரியல் தடங்கள். யூஏஆர்டி, எஸ்பிஐ, ஐ2சி என எதுவாகவும் ஒவ்வொன்றையும் மாற்றிக்கொள்ளலாம். அபாரமான வடிவமைப்பு. ஆனாலும் மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ புதிதாகக் கற்கும் பிள்ளையின் கையில் நான் மெகாவைத்தான் கொடுப்பேன். எந்தத் துளை என்ன செய்யும் என்பது பலகையிலேயே எழுதியிருக்கிறது.

ஜிபிஎஸ் சீரியல்1இல், மோடம் 2இல், சென்சார் ஓர் ஆர்எஸ்-485 மாற்றி வழியாக 3இல். பலகையின் டிஎக்ஸ் எதிரிலுள்ளதன் ஆர்எக்ஸுக்கு. கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொது. 0, 1 துளைகளைத் தொடாதீர்கள். அவை கணினிக்குப் போகட்டும். மூன்று கருவிகளும் பேசிக்கொண்டிருக்கும்போதே, எது என்ன சொல்கிறது என்று திரையில் படிக்கலாம்.