நீராடலும் மழைவேண்டலும்

பண்டைச் சமயச் சடங்குகளில் நீர் ஆன்மத் தூய்மையின் குறியீடு என்று கூறி அமைதியுறும் ஆய்வாளர் பலர். அக்கூற்று முழுமையானதன்று என்பதைப் பரிபாடல் காட்டுகின்றது. இன்று முழுமையாகக் கிடைக்கும் அதன் 22 பாடல்களுள் 8 வையையைப் பற்றியன. அவற்றுள், பதினோராம் பாடலில் நீராடும் கன்னியர் முதற்கண் வேண்டுவது வீடுபேறன்று; உலகம் வெம்பாதிருத்தலையே. அந்தணர் அங்கு இடம்பெறினும், சடங்கின் உயிர்நாடி உழவுச் சமுதாயத்தின் மழைத்தேவையே என்பது எமது கருத்து.

பிற்காலத் திருப்பாவையிலும் திருவெம்பாவையிலும் மார்கழி நீராடல் இறைத்தொண்டுக்கு வாயிலாகின்றது. எனினும் இரண்டுமே மழையை வேண்டுகின்றன. பொருள் மாறிய பின்னரும் பழைய அடித்தளம் எஞ்சிநிற்கின்றது.

இவ்வடித்தளத்தை மறைத்துத் 'தூய்மை'யை மட்டும் போற்றுவது வெறும் ஆய்வுக் குறைபாடன்று. தூய்மை என்ற கருத்தே தீட்டு என்ற கருத்தையும் உடன்கொணர்வது. யாழ்ப்பாணத்தில் மார்கழிதோறும் திருவெம்பாவை ஓதிய அதே சமூகம், ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிணற்றையும் கோயிலையும் மறுத்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அம்மறுப்புக்கு எதிராக எழுந்ததே. எல்லோர் நிலத்துக்கும் மழை வேண்டிய பாடல்களை, சிலருக்கு நீரை விலக்கியோர் பாடினர். இம்முரண்பாட்டை விளக்காத ஆராய்ச்சி, அறிந்தோ அறியாமலோ, விலக்கியோர் பக்கமே நிற்கின்றது.