தொலைக்காட்சிச் சமையற் போட்டியும் மனைக்கலையும்

சுவை என்னும் சொல்லுக்குத் தமிழில் இருவகை வழக்குண்டு. நாவினால் அறியப்படும் கைப்பு, இனிப்பு, புளிப்பு முதலியனவும் சுவை. கூத்தினாலும் பாட்டினாலும் உள்ளத்தே எழுவனவும் சுவை. உள்ளத்துணர்ச்சி உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனியோர் இயலே வகுத்தவர் தொல்காப்பியர். இவ்விரு சுவையும் ஒரே மேடையில் வந்து கலக்குமாயின், எது எதற்காக நிற்கின்றது என ஆராய்தல் திறனாய்வாளர் கடனாகும். அத்தகைய மேடையொன்று இன்று நம் வீட்டு விறாந்தையிலே விரிகின்றது. தொலைக்காட்சியில் நிகழும் சமையற் போட்டியும் கைவினைப் போட்டியுமே அம்மேடை.

இஃதென்ன, கல்லூரி மலரில் ஆராயத்தக்க பொருளோ என ஐயுறுவாரும் இருப்பர். மக்கள் பெருந்திரளாய் விரும்பிக் காணும் எக்கலைவடிவமும் ஆராய்ச்சிக்கு உரியதே. அன்றியும், மனையிலே கூலியின்றி நிகழும் உழைப்பைப் பொதுமன்றில் வைத்து அளந்து காட்டும் புதிய வடிவம் இது. அதன் அளவுகோல் நேரியதுதானா என்று வினவுதல், நம் தாய்மாரின் உழைப்பை நாம் எவ்வாறு மதிக்கின்றோம் என்று வினவுதலேயாம்.

முதற்கண் இவ்வடிவத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 'மாஸ்டர் செஃப்' என்னும் போட்டி 1990ஆம் ஆண்டு பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பீ.பீ.சீ.யில் தொடங்கியது. 2009இல் அது அவுஸ்திரேலியாவிலும் நிலைகொண்டது. 'த கிரேட் பிரிட்டிஷ் பேக் ஓஃப்' என்னும் வெதுப்பற் போட்டி 2010இல் பீ.பீ.சீ.யில் தொடங்கி, 2017 முதல் சனல் நான்கிற்கு மாறியது. இப்போட்டியில் தொழில்முறை வெதுப்புநருக்கு இடமில்லை. வீட்டில் வெதுப்புவோரே பங்குபற்றுவர். வெள்ளைக் கூடாரம் ஒன்றின்கீழ்ப் போட்டி நடைபெறும். வெல்பவருக்குப் பணமுடிப்பு இல்லை, கேக் வைக்கும் தட்டமும் பூங்கொத்துமே பரிசு. இதன் வழியிலே தையலுக்கென 2013இலும், மட்பாண்டக் கலைக்கென 2015இலும் வேறு போட்டிகள் எழுந்தன. தமிழகத்திலே 'குக்கு வித் கோமாளி' 2019இல் விஜய் தொலைக்காட்சியிலும், நடிகர் விஜய் சேதுபதி நெறிப்படுத்திய 'மாஸ்டர் செஃப் தமிழ்' 2021இல் சன் தொலைக்காட்சியிலும் வெளிவந்தன.

இப்போட்டிகள் ஆற்றிய நன்மையை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வங்காளதேசத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்த்துவந்த நதியா ஹுசைன் 2015இல் வெதுப்பற் போட்டியில் வென்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து அரசியாரின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்குரிய கேக்கைச் செய்யும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2024இல் பிரித்தானிய 'மாஸ்டர் செஃப்' போட்டியில் வாகை சூடியவர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்து வழிவந்த பிரின் பிரதாபன். தொழிலால் அவர் விலங்கு மருத்துவர். அடுப்படி என்பது பெண்ணின் சிறை என்றோ, ஆணுக்குத் தகாத இடம் என்றோ கருதிய பழைய எண்ணத்தை இத்தகைய வெற்றிகள் அசைத்துள்ளன. கற்றறிந்த தொழிலாளன் ஒருவன் கரண்டி பிடிப்பதை இழிவெனக் கருதாத தலைமுறையொன்று நம் வகுப்பறைகளிலே வளர்ந்து வருகின்றது. இது சிறிய பயனன்று.

ஆயினும் வடிவத்தின் இயல்பிலேயே மூன்று குறைகள் உள. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது, தொலைக்காட்சி நிறத்தையும் ஒலியையும் கடத்த வல்லது. மணத்தையும் சுவையையும் கடத்த வல்லதன்று. உணவைப் பற்றிய நிகழ்ச்சியில் உணவின் உயிர்நிலையே காண்போரை வந்தடைவதில்லை. இவ்வெற்றிடத்தை நிரப்புவது யாது? மெய்ப்பாடே. நடுவர் ஒரு கவளத்தை வாயிலிட்டுக் கண்மூடி நிற்கின்றார். போட்டியாளர் கைபிசைந்து நிற்கின்றார். இசை சற்றே அடங்குகின்றது. அப்போது நாம் துய்ப்பது குழம்பின் சுவையன்று. அச்சமும் மருட்கையும், பின் உவகையோ அழுகையோ ஆகிய நாடகச் சுவையே. நாவின் சுவைக்கு மெய்ப்பாடு பதிலியாய் நிற்கின்றது. இவ்வுண்மையை ஒளியாமல் ஏற்றுக்கொண்டது 'குக்கு வித் கோமாளி' எனலாம். அதிற் பங்குபற்றுவோர் பெரும்பாலும் திரையிலும் சின்னத்திரையிலும் அறிமுகமானவர்கள். ஆதலின் மனையாட்டியின் கைத்திறனை அளப்பதாக அது பாசாங்கு செய்வதில்லை. நாட்டுக்கூத்திலே கோமாளி வந்து கதையின் இறுக்கத்தைத் தளர்த்துவதுபோல, அங்கே கோமாளி வந்து சமையலைக் குழப்பி நகையை விளைக்கின்றான். உண்ண இயலாதவனுக்குச் சிரிக்கவேனும் கிடைக்கின்றது. ஏனைய போட்டிகளோ நாடகத்தையே காட்டிவிட்டு, காட்டியது உணவே என்று நம்மை நம்பச் செய்கின்றன.

இரண்டாவது குறை காலம் பற்றியது. போட்டியின் அரசன் மணிக்கூடு. குறித்த மணித்தியாலத்துள் முடிவது மாத்திரமே கலையென அங்கு மதிக்கப்படும். எங்கள் பூநகரியின் ஒடியற் கூழை எண்ணிப் பாருங்கள். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் விதைகளைப் பொறுக்கிப் பாத்தியிடல் வேண்டும், மார்கழி, தையில் கிழங்கு கிளறல் வேண்டும், அதனைக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல், இடித்தரித்தால் மா, அம்மாவை நீரில் ஊறவிட்டுக் கைப்பு நீக்கிய பின்னரே கூழ் அடுப்பேறும். ஒரு சட்டிக் கூழில் ஏறக்குறைய அரையாண்டு அடங்கியிருக்கின்றது. கடகமும் நீற்றுப்பெட்டியும் அவ்வாறே. ஓலையை வெட்டி, உலர்த்தி, பதம் பார்த்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாய் வார்ந்தெடுத்த பின்னர்தான் பின்னல் தொடங்கும். பின்னுதல் கண்ணுக்கு அழகிய காட்சிதான். ஆனால் திறனிற் பெரும்பகுதி அதற்கு முன்னரே, எவரும் படம் பிடிக்காத நாட்களிலே கழிந்துவிடுகின்றது. விரைவினை மாத்திரம் அளக்கும் கோல், காத்திருத்தலாகிய கலையை அளக்கமாட்டாது.

மூன்றாவது குறையே தலையாயது. போட்டி புதுமையை வேண்டுகின்றது. மனை மாறாமையை வேண்டுகின்றது. சென்ற கிழமை செய்ததையே இக்கிழமையும் செய்பவர் போட்டியிலிருந்து வெளியேற்றப்படுவார். வீட்டிலோ நேற்றைய பிட்டுப் போலவே இன்றைய பிட்டும் உதிர்தலே புகழ். ஆயிரம் முறை செய்து ஆயிரமுறையும் பிழையாமை ஒரு பேராற்றல். ஆயினும் அது நிகழ்ச்சிக்கு உதவாது, ஏனெனில் அதிலே திடீர்த் திருப்பம் எதுவும் இல்லை.

எனினும் வெதுப்பற் போட்டியிலே ஒரு சுற்று இக்குறைக்கு விலக்காய் நிற்கின்றது. அங்கே எல்லாருக்கும் ஒரே பண்டம் குறிக்கப்படும். செய்முறைத்தாளோ அரைகுறையாகவே தரப்படும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பன பல வேளைகளில் அதில் இரா. செய்தவர் எவரென அறியாமலே நடுவர் சுவைத்துத் தரப்படுத்துவர். நம் ஆச்சிமார் கற்பித்த முறையும் இதனின் வேறன்று. மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால், "பதமாய் விடு" என்பதே விடை. எஞ்சியதைக் கைதான் அறிதல் வேண்டும். பெயர் மறைத்து அளக்கும் இச்சுற்றே என் மதிப்பில் அப்போட்டியின் மிக நேரிய பகுதி. அங்கே முகமும் கதையும் விலக, செய்பொருள் மாத்திரம் பேசுகின்றது.

இவ்வடிவத்தின் எல்லைக்குள் நின்றே அதனை வென்ற ஒரு நிகழ்வையும் குறிப்பிடல் வேண்டும். 2021இல் அவுஸ்திரேலிய 'மாஸ்டர் செஃப்' இறுதிப் போட்டியில், வங்காளதேச வழிவந்த கிஷ்வர் சௌதுரி என்னும் பெண்மணி, தம் முன்னோரின் பந்தா பாத் என்னும் நீர்ச்சோற்றைப் புகையூட்டி, உருளைக்கிழங்கு மசியலோடும் மீனோடும் படைத்தார். நாம் பழஞ்சோறு என்கின்ற அதுவே. உழவரும் ஏழையரும் விடியலில் உண்ணும் உணவு, பளபளக்கும் அம்மேடைக்கு ஏறியது. நடுவர் அதனை வியந்து போற்றினர். ஆயினும் அவர் மூன்றாமிடமே பெற்றார். எனக்கோ அவ்வாண்டின் வெற்றி அந்தக் கோப்பைச் சோறே. தம் வீட்டைப் போட்டிக்கேற்ப மாற்றாமல், போட்டியைத் தம் வீட்டின்முன் தலைகுனியச் செய்தமையே அவர் செய்த கலை. 2009ஆம் ஆண்டின் முதன் மாதங்களிலே கஞ்சியினால் உயிர்தாங்கிய வன்னி மக்களுக்கு, அரிசி, நீர், உப்பு என்னும் மூன்றின் பெறுமதியை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

பிறர் அளவுகோலைக் குறைகூறும் நான் என் அளவுகோலின் பிழையையும் சொல்லியே ஆகவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஊர் மட்டத்து உணவுப் போட்டியொன்றில் நடுவர் மூவருள் ஒருவனாய் அமர்ந்தேன். தோற்றம், புதுமை, தூய்மை, சுவை என நான்கு நிரல்கள். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து புள்ளி. அந்நிரல்களை வகுத்தவன் நானே. வகுக்கும்போது என் மனத்தில் ஓடியது தொலைக்காட்சியே. சீனிப்பாகால் ரோசாப்பூ வைத்த கேக் முதலிடம் பெற்றது. முதியவள் ஒருத்தி நீற்றுப்பெட்டியோடு கொண்டுவந்த ஒடியற் பிட்டுக்குப் புதுமை நிரலிலே ஐந்து புள்ளி இட்டேன்; அதற்கு எவ்விடமும் கிட்டவில்லை. பரிசளிப்பு முடிந்தபின் பார்த்தால், கேக்கிற் பாதி எறும்புக்கு எஞ்சியிருந்தது; நீற்றுப்பெட்டி வெறுமையாயிருந்தது. அதனை வெறுமையாக்கியவருள் நானும் ஒருவன். பெட்டியை எடுக்க வந்த அம்முதியவள், "புதுசாத்தான் வேணுமெண்டு முதலே சொல்லியிருந்தா நான் வந்திருக்கமாட்டன், வாத்தியார். இது பழசுதானே," என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அதில் முறைப்பாடு இல்லை. அதனாலேயே அச்சொல் இன்றும் என்னை உறுத்துகின்றது. என் கை ஒன்றைத் தெரிந்தது. என் பேனா வேறொன்றை எழுதியது.

கேக் நமக்கு அயலது என்பது என் வாதமன்று. பாணும் போறணையும் போர்த்துக்கேயர் வழிவந்த சொற்கள். இன்று அவையின்றி நம் காலையுணவு இல்லை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்து வெதுப்பகப் பண்டங்கள் எங்கள் கடைகளுக்கு எளிதில் வருகின்றன, வரட்டும். கேக்கைக் கேக்கின் அளவுகோலாலும் பிட்டைப் பிட்டின் அளவுகோலாலும் அளத்தல் வேண்டும் என்பதே என் துணிபு.

ஆதலின் நம் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இத்தகைய போட்டிகளை நடத்துவோர்க்கு மூன்று கருத்துக்களை முன்வைக்கின்றேன். செய்தவர் பெயரை மறைத்துச் சுவைத்தல் ஒன்று. ஒரே பண்டத்தை இருவேறு நாட்களிற் செய்வித்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா எனக் காணல் மற்றொன்று. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறாயினும் பனங்காய்ப் பணியாரமாயினும், அதனை யாரிடம் கற்றார், எவ்வளவு காலத்தில் ஆயத்தம் செய்தார் என்பதைச் செய்தவர் வாயிலாகவே கேட்டுப் புள்ளியிடல் மூன்றாவது. இவை தொலைக்காட்சிக்குப் பொருந்தாமற் போகலாம். ஆனால் நாம் தொலைக்காட்சியல்லேம். நம்மிடம் மூக்கும் நாவும் உள.

நிகழ்ச்சிகளைக் காண்க, சிரிக்க, வேண்டின் கண்ணீரும் உகுக்க. திரையை அணைத்துவிட்டு அடுப்படிக்குச் சென்று, அங்கே முப்பது ஆண்டாக ஒருநாளும் வெளியேற்றப்படாமலும் ஒருநாளும் பரிசு பெறாமலும் நிற்பவரிடம், இன்றைய கறி நன்றாயிருந்தது என்று ஒருசொற் கூறுக. அச்சொல்லைக் கூறக் கற்பிக்குமாயின், அப்போட்டிகள் நமக்குப் பயன்பட்டனவாகும்.